பரிஸ், லூர்து, ரோம்: அம்மாவோடு போகும் பயணத்துக்கு என்ன சப்பாத்து வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். செப்டம்பரில் நீங்களும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து பரிஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கிருந்து லூர்து, பிறகு ரோம், எல்லாமாக மூன்று கிழமை. இடையில் பரிஸில் ஒரு சாமத்திய வீடும் இருக்கிறது. நாள் முழுக்க நடக்கக்கூடியதாகவும் வேண்டும், படத்தில் வடிவாகவும் தெரிய வேண்டும், ஒரு சோடி போதுமா, எந்தப் பிராண்ட் வாங்கலாம், இங்கே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பது சொச்சம், அம்மாவுக்கு அறுபத்திரண்டு, அம்மாவுக்குக் கனகாலமாகச் சலரோகம் (நீரிழிவு) என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் பிராண்ட் பெயர் முன்னுக்கு நின்றாலும், உங்களுக்கு உள்ளுக்குள் இருக்கிற யோசனை வேறு என்று படுகிறது: எந்த நேரமும் செருப்போடு பழகிய கால், விடிந்ததிலிருந்து இருளும்வரை மூடிய சப்பாத்துக்குள் இருந்து கல்லிலும் படியிலும் நடக்கத் தாங்குமா? அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபி படித்தவன். குதிக்கால் நோ, கணுக்கால் சுளுக்கு, சலரோகக்காரரின் கால் என்று வருபவர்களைப் பார்ப்பதுதான் யாழ்ப்பாணத்தில் என் வேலையின் பெரும்பகுதி. வெளிநாட்டுப் பயணம் போய்வந்து "அங்கே நடந்து நடந்து கால் போச்சு" என்று வருகிற அம்மாமாரும் அதில் கனபேர். ஆனால் உங்கள் இருவரின் காலையும் நான் பார்க்கவில்லை. அதனால் "இந்த மொடலை வாங்குங்கள்" என்று இங்கிருந்து சொல்வது சரியில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லலாம். அதில் எது உறுதியானது, எது இன்னும் சர்ச்சையில் இருப்பது என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நம் கால். வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், வெளியே இரண்டு வார்ச் செருப்பு. இப்படி வளர்ந்த காலின் முன்பாதம் அகலமாக இருக்கும், விரல்கள் விரிந்து நிற்கும். பெல்ஜியத்து ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்பவர்களையும் சப்பாத்துப் போடும் இந்தியர்களையும் மேற்கத்தியர்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது: வெறுங்கால்காரரின் முன்பாதம் அகலம், நடக்கும்போது பாரமும் பாதம் முழுக்கக் கூடுதல் சமமாகப் பரவுகிறது. ஆக உங்கள் கால் நல்ல கால். சிக்கல் என்னவென்றால், கடையில் வடிவாகத் தெரிகிற சப்பாத்துகளில் பெரும்பாலானவை ஒடுங்கிய முன்பாதத்துக்குச் செய்தவை. அகலம் போதாமல் இருக்கும்போது கடைக்காரர் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துத் தருவார். அப்போது முன்பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் குதிப்பக்கம் தளர்ந்துவிடும். கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். கொப்புளம் வருவது அங்கேதான். அகலம் போதாது என்றால் சைஸைக் கூட்டாமல், வேறு வார்ப்பில், அதாவது அகலமான கால் அச்சில் செய்த சப்பாத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது, நம் ஊர் நிலம். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, சொல்லும்படி ஒரு மேடும் இல்லை. பண்ணை வீதியில் கிழமைக்கணக்காக நடந்து பழகினாலும் கால் ஒரே மட்டத்தில்தான் நடக்கும். நீங்கள் போகிற இடங்கள் அப்படி இல்லை. பரிஸ் மெற்றோவில் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ற் கிடையாது. ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே படி ஏறி, நீளமான சுரங்கப்பாதை நடந்து, திரும்பப் படி இறங்க வேண்டும். ஈபிள் கோபுரத்தில் இரண்டாம் தட்டுவரை நடந்தே ஏறினால் 674 படி. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்ற்றுக்குக் காசு கட்டினாலும் அதற்குப் பிறகு 320 படி மிச்சம் இருக்கும். படி ஏறும்போது சப்பாத்து ஒன்றும் செய்யாது. இறங்கும்போதுதான் கால் முன்னுக்குச் சறுக்கிப் பெருவிரல் நுனி சப்பாத்தின் மூக்கில் இடிக்கும். ஒரு நாள் இடித்தால் நோ, மூன்று நாள் இடித்தால் நகம் கறுத்துவிடும். மட்டமான கடைத்தரையில் நடந்து பார்த்தால் இது தெரியாது. மேல்மாடிக் கடையாகப் பார்த்துப் போய், சப்பாத்தைப் போட்டபடி படியில் ஏறி இறங்க விடுங்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். அதற்கு இடமில்லாவிட்டால் வாங்கி வந்து, வெளியே மண்ணில் வைக்காமல், மாடி வீட்டுப் படியில் ஒரு கால் மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். விரல் நுனி ஒருதரம் இடித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரோமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய நகரின் வீதிகள் பலவற்றில் 'சாம்பியத்ரீனி' என்று சொல்கிற கறுப்பு எரிமலைக் கற்களைச் சதுரமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு, மேற்பரப்பு வளைந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். பாலே நடனக்காரர் போடுவதுபோன்ற, மெல்லிய அடியுள்ள தட்டைச் சப்பாத்தைப் போட்டால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் உள்ளங்காலில் குத்தும். அதற்குப் பயந்து இப்போது ஓடுகிற பெரிய, மெத்தென்ற, உயர்ந்த அடியுள்ள ஸ்னீக்கரை வாங்கினால், கால் உயரத்தில் நின்று ஆடும், கணுக்கால் பிரளும். இரண்டுக்கும் நடுவே வேண்டும். குதிப்பக்கம் இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் தடிப்பு, அடிப்பக்கம் இறப்பரில் வெட்டுக் கோடுகள், கையால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி உடனே எழும்புகிற தன்மை. குதி உயர்ந்த சப்பாத்தைக் கேட்கவே வேண்டாம். உயரம் ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டினால் உடம்புப் பாரம் முன்பாதத்துக்குப் போய்விடும், கல்லிடுக்கில் குதி மாட்டும் ஆபத்தும் உண்டு.

சரி, அளவெடுப்பது. இதைப் பின்னேரம் செய்யுங்கள், ஏனென்றால் பகல் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். சுவரோடு ஒரு வெள்ளைத்தாளை வைத்து, குதியைச் சுவரில் முட்டவைத்து எழும்பி நில்லுங்கள். இருந்துகொண்டு அளக்கக் கூடாது. பாரம் இறங்கும்போது பாதம் நீளும், அகலும். இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போடட்டும். இரண்டு காலுக்கும் போடுங்கள். அநேகமாக ஒன்று பெரிதாக இருக்கும், அதற்குத்தான் வாங்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அப்படியென்றால் அதன் நுனிவரை அளக்க வேண்டும். அந்த நீளத்தைவிடச் சப்பாத்தின் உட்பக்கம் ஒன்று முதல் ஒன்றரை சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது இந்தத் தாளையும் கொண்டுபோங்கள். சப்பாத்துக்குள் இருக்கிற இன்சோலைக் கழற்றித் தாளின் மேல் வையுங்கள். கோடு இன்சோலுக்கு வெளியே எங்காவது தெரிந்தால் அந்த இடத்தில் சப்பாத்து காலை நசுக்கப் போகிறது. அதிலும் சின்னவிரல் பக்கம் நன்றாகப் பாருங்கள். நம் ஆக்களின் காலுக்கு இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சப்பாத்துகள் கழிந்துவிடும்.

எண்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பிரித்தானிய முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒன்று, கிட்டத்தட்ட 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய முறையில் சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு, ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர். படிகளே வேறு வேறு என்பதால் இரண்டும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. கொம்பனிக்குக் கொம்பனி அட்டவணையும் மாறும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பிரித்தானிய அளவில் ஒன்று இறுக்கம், அடுத்தது தொளதொளப்பு என்று இடையில் மாட்டிக்கொண்டால், ஐரோப்பிய அளவில் செய்த சப்பாத்து அந்த இடைவெளிக்குள் சரியாக விழலாம். விளையாட்டுச் சப்பாத்துகள் பலவற்றில் நாக்கின் உட்பக்க லேபிளில் சென்ரிமீற்றர் அளவும் இருக்கும், அதைப் பாருங்கள்.

கடையில் கையால் செய்து பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. குதியைச் சுற்றி நிற்கிற பின்பக்கச் சுவரை இரண்டு விரலால் நசுக்குங்கள். கடதாசிபோல மடிந்தால் அது காலைப் பிடிக்காது. பிறகு மூக்கையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில், அதாவது நம் கால் மடிகிற அதே இடத்தில் சப்பாத்தும் மடிய வேண்டும். நட்டநடுவில் மடிகிறதென்றால் வைத்துவிடுங்கள், அதோடு நாள் முழுக்க நடந்தால் உள்ளங்கால் வலிக்கும். துணி பிழிவதுபோல முறுக்கியும் பாருங்கள். கொஞ்சம் முறுகலாம், முழுதாகச் சுழலக் கூடாது. கடைசியாக உள்ளே கையை விட்டுத் தையல்களைத் தடவுங்கள். கையில் தட்டுப்படுகிற முடிச்சு காலிலும் தட்டுப்படும்.

இனி, கடையில் பெரிதாகச் சொல்லப்படுகிற, ஆனால் நான் அவ்வளவு பாரம் கொடுக்காத விஷயங்கள். ஒன்று, "உங்களுடையது தட்டைப்பாதம், அதற்கு இந்த வகைதான்" என்பது. பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சோதித்தார்கள். 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. தரைப்படை, விமானப்படை, மரைன் படை என்று எங்கேயும் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. போட்டவுடன் காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதையே பார்க்கச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தக் கருத்து இன்னும் முடிந்த முடிவல்ல என்றாலும், உணர்ச்சி நன்றாக உள்ள காலுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். இரண்டு, மெமரி ஃபோம் என்கிற, காலின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும் மெத்து. போட்டவுடன் பஞ்சுபோல இருக்கும், அதில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். பாரமும் சூடும் சேர்ந்து அமுங்கிய பிறகு அது மெல்லிய தகடாகிவிடும். பெருவிரலால் பத்து வினாடி அழுத்தி விடுங்கள். குழி அப்படியே நின்றால் நாள் முழுக்க நடக்க அது உதவாது. மூன்று, பெட்டியில் 'ஓர்த்தோ' என்று அடித்திருப்பது. அந்தச் சொல்லை யாரும் அடிக்கலாம்.

வீட்டு அலுமாரியில் இருக்கிற சப்பாத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ப் பிரச்சினை. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாமா, அண்ணா கொண்டுவந்து தந்த நல்ல சப்பாத்தை "எங்கேயாவது போகும்போது போடுவம்" என்று பெட்டியோடு வைத்திருப்போம். பொலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல உள்ளுக்குள் உடைந்துகொண்டே வரும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். நம் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் வேகமாக நடக்கும். வெளியே புதுசுபோலப் பளபளக்கும், போட்டு ஒரு மணித்தியாலம் நடந்ததும் அடி பிட்டுப்போல உதிரும். இது விமான நிலையத்தில் நடந்தால் அவ்வளவுதான். பல வருடம் வைத்திருந்த சோடி என்றால் அடியின் பக்கவாட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ மாவாக வந்தாலோ, மடக்கும்போது வெடிப்புத் தெரிந்தாலோ எடுக்கவே வேண்டாம். தகுமா தகாதா என்று சந்தேகமாக இருந்தால் ஊரிலேயே ஒரு கிழமை போட்டு நடந்து பாருங்கள்.

வடிவைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். தயங்கத் தேவையில்லை, அது நியாயமான ஆசை. வாழ்க்கையில் ஒருதரம் அம்மாவோடு போகிற பயணம், படங்கள் காலத்துக்கும் இருக்கும். என் பார்வையில், காலில் இருப்பது வடிவாகத் தெரிவதற்கு மூக்கு கூராக இருக்கத் தேவையில்லை. நிறம் ஒன்றாக இருப்பதும், அடி அளவாக இருப்பதும், பளிச்சென்ற எழுத்தும் வெட்டும் இல்லாததும் போதும். வெள்ளையோ மங்கல் வெள்ளையோ ஆன, தோல் மேற்பாகமுள்ள எளிய ஸ்னீக்கர் ஜீன்ஸுக்கும் சுடிதாருக்கும் நீளப் பாவாடைக்கும் பொருந்தும். அதோடு தேவாலயத்துக்குள் போனாலும் உறுத்தாது. வெள்ளை அழுக்காகும் என்று யோசித்தால் கடும் நீலம், கபிலம். துணிச் சப்பாத்து படத்துக்கு வடிவுதான், ஆனால் செப்டம்பரில் பரிஸில் மழை வரும், பகலில் 20, 21 பாகை. நனைந்த துணி அடுத்த நாள் காலையிலும் காயாது. தோல் துடைத்தால் போதும். அம்மா சேலையோடுதான் நடப்பா என்றால், எந்தச் சப்பாத்தோடு நடக்கப் போகிறாவோ அதைப் போட்டுக்கொண்டே சேலையைக் கட்டட்டும். இங்கே செருப்போடு பழகிய உயரத்துக்குக் கட்டினால், அங்கே அடி மாறியதும் கரை ஒன்றில் தூக்கிக்கொண்டு நிற்கும் அல்லது படி இறங்கும்போது காலுக்குள் மிதிபடும். வடிவும் கெடும், விழவும் கூடும். சேலைக் கரை கணுக்காலில் முடிந்து, கீழே ஒரே நிறத்தில் கறுப்போ கபிலமோ தெரிந்தால், அது ஸ்னீக்கர் என்று யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை.

ஒரு சோடி போதாது. இரண்டு வேண்டும், நாள் மாறி நாள் போட வேண்டும். ஒரு சப்பாத்து வியர்வை காய நேரம் எடுக்கும், அதோடு இரண்டு சோடியும் ஒரே இடத்தில் காலை உரசாது. முதல் சோடி மேலே சொன்ன ஸ்னீக்கர். இரண்டாவது, குதியில் வார் உள்ள, மூன்று இடத்தில் இறுக்கித் தளர்த்தக்கூடிய நடைச் சாண்டில்ஸ். ரோமில் செப்டம்பரிலும் பகலில் 27 பாகை மட்டில் இருக்கும், மூடிய சப்பாத்து வேகும். வத்திக்கானில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் விதி, சாண்டில்ஸுக்குத் தடையில்லை. ஆனால் வீட்டில் போடுகிற இரண்டு வார்ச் செருப்போடு ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்கும். அப்படிச் செருப்போடு நடப்பவர்கள் காலடியைக் குறுக்கி வைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஓபர்ன் பல்கலைக்கழகத்தார் 2008இல் காட்டினார்கள். கடைக்குப் போய்வரச் சரி, ஆறு மணித்தியாலத்துக்குச் சரிவராது. அதை அண்ணன் வீட்டுக்குள் போட எடுத்துக்கொள்ளுங்கள். சாமத்திய வீட்டுக்கு மண்டபம்வரை காரில்தானே போவீர்கள். அதற்கு அகலக் குதியுள்ள, பதிவான விழாச் செருப்பு ஒன்று பெட்டியில் கிடக்கட்டும், அதை மற்ற நாளில் தொட வேண்டாம். பரிஸின் லா சப்பலில் மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போகிற நாளிலும், வீடு வீடாக ஏறி இறங்குகிற நாளிலும் வாசலில் கழற்றிப் போட வேண்டியிருக்கும் என்பதால், இறுகக் கட்டுகிற சப்பாத்தைவிடச் சாண்டில்ஸ் வசதி.

லூர்தில் நடையைவிட நிற்பதுதான் அதிகம். மாதா கெபிக்கு (குகைக்கு) முன்னால் வரிசை, இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. நூதனசாலைகளும் அப்படித்தான். வேகமாக நடப்பதைவிட, கல்தரையில் நின்று நின்று மெல்ல நகர்வதுதான் காலைக் கூடுதலாகக் களைக்கவைக்கும், ஏனென்றால் நடக்கும்போது கெண்டைத்தசை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளும், நிற்கும்போது அது நடக்காது. இதற்குச் சப்பாத்து மட்டும் மருந்தில்லை. இடைக்கிடை இருங்கள், நிற்கும்போது குதியைத் தூக்கி இறக்குங்கள்.

கொப்புளம் வராமல் பார்க்கிற வேலை இங்கேயே தொடங்க வேண்டும். பயணத்துக்கு ஐந்தாறு கிழமை முன்னரே வாங்கி, முதலில் வீட்டுக்குள் அரை மணித்தியாலம், பிறகு கடைத்தெருவுக்கு, பிறகு பண்ணையில் நீளமான ஒரு நடை என்று கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போடப்போகிற அதே சொக்ஸோடு நடங்கள். தனிப் பருத்திச் சொக்ஸ் வியர்வையை வைத்துக்கொள்ளும், ஈரத்தோல் சீக்கிரம் உரியும். செயற்கை நூலோ மெல்லிய கம்பளியோ கலந்தது நல்லது. பயிற்சி நடையில் எந்த இடம் சிவக்கிறதோ, அந்த இடத்தில் அங்கே போய்க் காலையிலேயே மருந்துக்கடையில் விற்கிற கடதாசி ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் முதலில் ஏமாற்றின. நெடுந்தூர ஓட்டக்காரரிடம் செய்து 2014இல் வந்த ஆய்வில் பலன் தெரியவில்லை; ஸ்டான்ஃபர்ட் குழு முறையைத் திருத்தி 2016இல் வெளியிட்டதில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. அதனால் முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் மலிவு, தீங்கில்லை. நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே நேராக வெட்டிவிடுங்கள்.

பயண நாளுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ், பிறகு விமானத்தில் அரை நாள். காலைத் தொங்கவிட்டு இருந்தே பரிஸில் இறங்கும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். பாரமான சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனால் பெட்டியில் எடை மிச்சம். ஆசனத்தில் இருந்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றினால் திரும்ப ஏறாமல் நிற்கும். வந்து இறங்கிய அன்றே ஈபிள் பார்க்கக் கிளம்பாமல் ஒரு இரவு காலை உயர்த்திப் படுங்கள். அம்மாவுக்கு அழுத்தச் சொக்ஸ் போடலாமா என்று அவவின் டொக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். காலுக்கு இரத்தோட்டம் குறைந்தவர்களுக்கு அது ஆகாது.

இங்கே வாங்குவதா அங்கேயா என்றால், இங்கேதான். நவீன சந்தைப் பக்கக் கடைகளிலும் பாட்டா, டி.எஸ்.ஐ. போன்ற காட்சியறைகளிலும் சுற்றினால், தாளோடு போகிறவருக்கு அகலமான ஒன்று அகப்படும். பரிஸில் தெரிவு கூட, அகல அளவுகளும் கிடைக்கும், ஆனால் புதுச் சப்பாத்தோடு அடுத்த நாளே ஊர் சுற்ற வேண்டிவரும். பிரான்சில் பெரிய தள்ளுபடிக் காலங்கள் ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும்தான் தொடங்கும், ஆகவே செப்டம்பரில் விலையிலும் லாபமில்லை. இங்கே எதுவுமே அமையாவிட்டால், தாளில் அளந்த நீள அகலத்தை அண்ணனுக்கு அனுப்பி, வருகிற ஆரிடமாவது முன்னரே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அம்மாவின் விஷயத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னதில் ஒன்று அவவுக்குப் பொருந்தாது. "போட்டுப் பார்த்து இதமாக இருந்தால் வாங்குங்கள்" என்பது உணர்ச்சி உள்ள காலுக்கு. கனகாலச் சலரோகத்தில் கால் நரம்பு மெல்ல மரத்துப்போகலாம். அப்போது இறுக்கமான சப்பாத்தும் இதமாகவே தெரியும், உள்ளே கிடக்கிற கல்லும் தெரியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் உருவானது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு வினாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. எந்தக் கால் என்று அவ சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, சப்பாத்துக் கடைக்கு முதல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நைலோன் இழையால் தொட்டும், கால் நாடி பிடித்தும் பார்ப்பார்கள்.

உணர்ச்சி சரியாக இருந்தாலும் அவவுக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். சலரோகப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டியின்படி சப்பாத்தின் உள்நீளம் காலைவிட ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் கூட இருக்க வேண்டும், விரல்களுக்கு மேலேயும் இடம் வேண்டும். போடுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். ஹோட்டல் அறையிலும் வெறுங்கால் வேண்டாம். இரவில் நீங்கள் அவவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், சிவப்போ கொப்புளமோ இருந்தால் அடுத்த நாள் அந்தச் சோடியைப் போடவிடாதீர்கள். அதோடு, களைத்த காலைச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைக்கிற நம் வீட்டுப் பழக்கம் அவவுக்கு வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்து புண்ணான ஆக்களை நான் பார்த்திருக்கிறேன். விரல் தொட்டுப் பார்த்த சோதனையில் என்ன வந்தது என்பதையும், அம்மாவின் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் இங்கே எழுதுங்கள். அதை வைத்து அவவுக்கு ஸ்னீக்கரா, வார் வைத்த மூடிய சாண்டில்ஸா என்று மேலே சொல்கிறேன்.